காப்பர்-டியா, மூன்று மாத ஊசியா? மலையில் இருப்பவர்களுக்கு எது தோது

முதல் பிரசவம் முடிந்ததும் அடுத்ததற்கு இடைவெளி விட என்ன செய்வது என்று ஏற்காட்டுப் பக்கம் பெண்கள் இப்போது வெளிப்படையாகவே கேட்கிறார்கள். நான் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொண்டவள். என் ஓரகத்தி அந்தரா என்ற மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டு வருகிறாள். அதனால் காப்பர்-டி பற்றிச் சொல்வது என் அனுபவம். ஊசி பற்றிச் சொல்வது அவளிடமும் நர்ஸம்மாவிடமும் கேட்டது.

இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டுமே தாய்ப்பாலைக் குறைக்காது. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது, ஊசியைப் பிரசவமாகி 6 வாரம் கழித்துத்தான் போடுவார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்று: எத்தனை தடவை திரும்பப் போக வேண்டும்?

ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. சேலம் டவுனில் அம்மாபேட்டையிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ இருப்பவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. மலையில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் கூலிக்காரிக்கு அப்படியா? டிசம்பர், ஜனவரி காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மே மாதம் கோடை விழாக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஐப்பசி மழையில் கைக்குழந்தையோடு எங்கே போவது? தேதி தவறினால் 4 வாரம் வரை பொறுப்பார்கள். அதையும் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஊசி. பறிப்பு நேரத்தில் ஒருமுறை இப்படித் தள்ளிப்போய், டெஸ்ட் முடிவு தெரியும்வரை ஓரகத்தி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

காப்பர்-டியைப் பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்த கையோடு வைப்பார்கள், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள். அதைத் தவறவிட்டால் 6 வாரம் கழித்து. எனக்குச் சேலம் ஜி.எச்.சில் பிரசவத்தோடு வைத்தார்கள். எப்படியும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போன இடம், அதற்கென்று தனிப்பயணம் வேண்டியிருக்கவில்லை. 6 வாரத்தில் ஒரு பரிசோதனை உண்டு. குழந்தைக்கு முதல் பெண்டாவேலண்ட் தடுப்பூசியும் (ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுவது) அப்போதுதான், ஒரே நடையில் இரண்டும் முடிந்தது. காப்பர்-டியில் 380ஏ வகை 10 ஆண்டு வரை வேலை செய்யும். அடுத்த குழந்தை வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்த உடனே கரு தங்கும் வாய்ப்பு திரும்பிவிடும். ஊசியில் அது தாமதமாகும். கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம் என்கிறார்கள். ஒன்றரை, இரண்டு வருட இடைவெளி மட்டும் நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காப்பர்-டியிலும் குறை உண்டு. பிரசவத்தோடு வைத்தது நழுவி வெளியே வர வாய்ப்பு சற்று அதிகம், அதனால் அந்த 6 வாரப் பரிசோதனையை விடவே கூடாது. முதல் சில மாதம் தீட்டு அதிகமாகப் போகும், வயிறும் வலிக்கும். எனக்கும் இருந்தது, பிறகு குறைந்தது. நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பாட்டிமார் சொல்வதை நம்ப வேண்டாம், அது கருப்பைக்குள் இருப்பது. நெஞ்சுக்குப் போக வழியே இல்லை.

ஆனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு காப்பர்-டி சொல்லமாட்டேன். ஊசியில் முதலில் தீட்டு முன்பின்னாக வந்தாலும் போகப்போகக் குறையும், பலருக்கு நின்றே போகும். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவளுக்கு அது நல்லதுதான். ஓரகத்தி ஊசிக்குப் போனதும் அதனால்தான், அவளுக்கு அது சரியான முடிவு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சாயா என்ற கருத்தடை மாத்திரையும் இருக்கிறது: முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். நான் சாப்பிட்டதில்லை, கிழமை மறக்காதவர்களுக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

காப்பர்-டி என்று முடிவெடுத்தால் வலி எடுத்த பிறகு சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் எதையும் யோசிக்க முடியாது. ஏழாம், எட்டாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டினாலோ, காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ இருந்தாலோ அன்றைக்கு வைக்கமாட்டார்கள். அப்படியானால் குழந்தையின் 6 வாரத் தடுப்பூசிக்குப் போகும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.