குச்சவெளித் தோட்டத்துக்கு ஒரு பழைய மெசி 240

மூன்று ஏக்கருக்கு நாலு சில்லு மெசின், அதாவது டிராக்டர், எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. உழவுக்கு மட்டும் என்றால் இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் போதும், அது உண்மை. ஆனால் ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வாடகை மெசின்கள் எல்லாம் பெரும்போகத்துக்காகத் தம்பலகாமம், கந்தளாய் வயல்களுக்குப் போய்விடுகின்றன. குச்சவெளியில் மூன்று ஏக்கர் கச்சானும் சோளனும் வைத்திருக்கிற என்னிடம் வர யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. இரண்டு வருடம் ஈரம் காய்ந்த பிறகுதான் விதைத்தேன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்தது அதனால்தான்.

மூன்று மெசின் பார்த்தேன். முதலாவது ஜப்பானிலிருந்து இறக்கிய சிறியது, நாலு சில்லும் இழுக்கும். ஓட்ட நன்றாக இருந்தது. ஆனால் ஒட்டியிருந்த எழுத்து எல்லாம் ஜப்பான் மொழி. அந்த மாடலுக்கு ஒரு ஃபில்டர் திருகோணமலையில் கிடைக்குமா என்று மூன்று கடையில் கேட்டேன், மூன்றிலும் இல்லை. இரண்டாவதன் பதிவுப் புத்தகத்தில் இருந்த எஞ்சின் இலக்கம் ஒன்று, எஞ்சினில் அடித்திருந்த இலக்கம் வேறு. பேச்சே வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். இதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை, ஒரு துணியும் டோர்ச் லைட்டும் போதும். லீசிங் முடிந்திருக்கிறதா என்பதும் அதே புத்தகத்தில் தெரியும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் மெசி பெர்குசன் 240. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், இரண்டரை லீற்றர். கந்தளாய்ப் பக்கம் வயலில் நின்றது. காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைத்தோம். சூடாக்கி வைத்த எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். கிண்ணியாவிலிருந்து கூட்டிப்போன மெக்கானிக் நானா முதலில் பொனட்டில் கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. இரண்டாவது சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது புகை பொங்கி வரவில்லை. எஞ்சின் சரி.

நான் அத்தோடு சம்மதித்திருப்பேன். நானாதான், "பொறுங்க டீச்சர், பின்பக்கம் பார்க்காம பேச வேணாம்" என்றார்.

நம் பக்கத்தில் பழைய மெசின் வாங்குகிறவர்கள் கவனமாகப் பார்க்கவேண்டிய இடம் அதுதான். இந்த மாடலில் கியர், பின் அச்சு, தூக்கும் ஹைட்ரோலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில், ஏறத்தாழ முப்பது லீற்றர். ஹைட்ரோலிக் பம்பும் அந்த ஒயிலுக்குள்ளேதான் இருக்கிறது. இரும்புச் சில்லு போட்டு முழங்கால் சேற்றில் உழுத மெசினில் அச்சுச் சீல் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். மழையில் நனையவிட்டால் கியர்க் கம்பியின் ரப்பர் வெடிப்பு வழியாகவும் இறங்கும். பின்பக்க ஒயில் கம்பியை இழுத்தார். பால்தேநீர் நிறத்தில் வந்தது. பிறகு ஒன்பது பல் கலப்பையைக் கொழுவி, முழுக்கத் தூக்கி, எஞ்சினை நிறுத்தச் சொன்னார். தூக்கியபடியே நிற்கவேண்டிய கலப்பை ஐந்து நிமிடத்தில் நிலத்தைத் தொட்டுவிட்டது.

அந்த இரண்டையும் காட்டித்தான் விலை பேசினோம். ஒன்றரை இலட்சம் குறைந்தது. சீல்கள் மாற்றி, மேல் மூடியைக் கழற்றித் தூக்கும் பிஸ்டனின் வளையங்கள் போட்டு, ஒயிலை இரண்டு தடவை ஊற்றிக் கழுவி முடிக்க அந்தப் பணத்தில் பெரும்பகுதி போனது. எல்லாப் பாகமும் ஒரே நாளில் கிடைத்தது. ஜப்பான் மெசினை விட்டு இதை எடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லாததற்குக் காரணம் அந்த ஒரு நாள்.

இப்போது ஒரு மாரி முழுக்க ஓடிவிட்டது. முதல் மழைக்கு மூன்றாம் நாள் கச்சான் விதைத்தேன். சிறிய காணியில் உழுகிறவர்களுக்கு இரட்டைக் கிளச் பெரிய உதவி. பாதி மிதித்தால் மெசின் நிற்கும், பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதித்தால்தான் அதுவும் நிற்கும். வேலியோரம் திரும்பும்போது இதன் அருமை தெரியும். வாங்கும்போது இரண்டு நிலையையும் தனித்தனியாக மிதித்துப் பாருங்கள். பாதியில் மெசின் ஊர்ந்தால் கிளச் வேலை இருக்கிறது. தென்னைகளை 26 அடி இடைவெளியில் நட்டிருப்பதால் நடுவில் தாராளமாகப் போகிறது. பின்னால் இழுவைப் பெட்டி கொழுவி எரு ஏற்றுவதற்கும் இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

குறையும் சொல்லவேண்டும். மெசினின் பாரமே ஒன்றரைத் தொன்னுக்கு மேல், பின் சில்லு இரண்டு மட்டும்தான் இழுக்கும். கடற்கரைப் பக்கத்துத் தளர்ந்த மணலில் பெட்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனால் புதைகிறது. பவர் ஸ்டியரிங் என்னுடையதில் இல்லை. அறுபது வயதுத் தோளுக்கு ஒரு மணித்தியாலம்தான், மிச்சத்தைப் பெறாமகன் ஓட்டுகிறான். உப்புக்காற்றுக்கு இரும்பு நிற்காது என்பதால் வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் அடித்து, கூரைக்குள் விடுகிறோம். கியர்க் கம்பிக்குப் புது ரப்பர் போட்டது முந்நூறு ரூபாய்ச் சொச்சம். முந்தியவர் அதைப் போட்டிருந்தால் அந்த ஒயிலில் அவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்காது என்கிறார் நானா.

மணலுக்குள்தான் உங்கள் முழுக் காணியும் என்றால் இதை வாங்க வேண்டாம், நாலு சில்லும் இழுக்கிற சிறிய மெசினையே தேடுங்கள். ஆனால் பாகம் கிடைக்கும் கடையை முதலில் கண்டுபிடித்துவிட்டுத் தேடுங்கள். செம்மண், இருவாட்டி மண் காணிக்காரருக்குக் காலையில் குளிராக ஸ்டார்ட் ஆகிற, பின் ஒயில் சுத்தமாக இருக்கிற மெசி 240 ஒன்று அகப்பட்டால் துணிந்து எடுக்கலாம்.