அமூரும் எனிசெயும்: ஒரே அச்சு, வேறு வேறு விதி

அமூரும் எனிசெயும் 1904 ரஷ்ய-ஜப்பானியப் போரில் ரஷ்யாவின் கண்ணிவெடி விதைக்கும் கப்பல்கள். இரண்டுமே பீட்டர்ஸ்பர்க்கின் பால்டிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை. ஏறக்குறைய 3,000 டன் எடை. ஓடிக்கொண்டே பின்புறத் தண்டவாளம் வழியாகக் கடல் கண்ணிவெடிகளை இறக்கலாம். இந்த முறையை வகுத்த ஸ்தெபானோவ்தான் எனிசெயின் கேப்டன்.

எனிசெயின் போர் வாழ்க்கை சில நாள்தான். 1904 பிப்ரவரி 11 அன்று, சீனக் கரையில் ரஷ்யர் வசமிருந்த தால்னி துறைமுகத்தருகே தான் விதைத்த வெடியிலேயே மோதி மூழ்கியது. ஸ்தெபானோவும் போனார். அப்புறம் அங்கே வந்த பொயாரின் என்ற ரஷ்யக் குரூசரும் (வேகப் போர்க்கப்பல்) அதே வெடிகளில் சிக்கியது. எதிரிக்கு வேலையே இல்லை!

அமூரின் கேப்டன் இவானோவ் பொறுமைசாலி. ரஷ்யக் கடற்படைத் தளமான போர்ட் ஆர்தரை முற்றுகையிட்ட ஜப்பானியக் கப்பல்கள் தினமும் ஒரே தடத்தில் போய்வருவதைக் கவனித்து, மே 14 அன்று பனிமூட்டத்தில் 50 வெடிகளை அங்கே இறக்கினார். மறுநாளே ஹட்சுசே, யாஷிமா என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் காலி. அந்த வகையில் ஜப்பானிடம் இருந்தவையே ஆறுதான். யாஷிமா மூழ்கியதை ஜப்பான் மாதக்கணக்கில் மறைத்தது.

கப்பலில் வித்தியாசம் இல்லை, இடத்தேர்வில்தான் என்பேன். எனிசெய்க்கு அதிர்ஷ்டமும் இல்லை. அமூரும் தப்பவில்லை: டிசம்பரில், உலர்துறையில் (பழுதுபார்க்க நீரை வெளியேற்றிய கப்பல் தளம்) நின்றபோது ஜப்பானியப் பீரங்கிக் குண்டுகள் அதை முடித்தன.