7.5 மீற்றர் பலட் றாக்: பீமுக்கு நல்ல மதிப்பெண், சுமைப் பலகைக்கு இல்லை

கொழும்பில் பொருத்தித் தரப்படும் ஒரு செலெக்டிவ் பலட் றாக் (எந்தப் பலட்டையும் நேரடியாக எடுக்கக்கூடிய களஞ்சிய இரும்பு அடுக்கு) தொகுதி பற்றியது இது. தூண் 7.5 மீற்றர், முன்னும் பின்னும் இரு தூண்களை இணைத்த சட்டகத்தின் ஆழம் 1 மீற்றர், சட்டகங்களுக்கு இடையே பலட்டைத் தாங்கும் பீம் 2300 மி.மீ., நிலத்துக்கு மேல் 4 தட்டுகள். 1200×1000 பலட் இரண்டை அருகருகே வைத்தால் நடுவிலும் இரு கரைகளிலும் தலா 100 மி.மீ. மிஞ்சுகிறது. போர்க்லிப்ட் ஓட்டுபவருக்கு அது தாராளம்.

பீமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டுக்கு 2 தொன். முழுச் சுமையில் தொய்வு, நீளத்தில் 200இல் ஒரு பங்கை (இங்கே 11.5 மி.மீ.) தாண்டக் கூடாது, இது 9 மி.மீ.தான் தொய்கிறது, இறக்கியதும் நிமிர்ந்துவிடுகிறது. பீம் தூணில் கொக்கியால் மாட்டப்படுகிறது; அது கழலாமலிருக்க இரு முனைகளுக்கும் லொக் பின் தருகிறார்கள். பின் போடாத பீமை, கீழிருந்து பலட்டைத் தூக்கும்போது முட்டினால் கொக்கி கழன்றுவிடும்.

ஆனால் சுமைப் பலகையில், அதாவது றாக் எவ்வளவு தாங்கும் என்று எழுதி மாட்டும் அறிவிப்பில், தட்டுக்கு 2 தொன் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இது பெரிய குறை. நடுச் சட்டகத்தின் மேல் இரு பக்கத்திலிருந்தும் பாதி பாதியாக மொத்தம் 8 தொன் இறங்குகிறது; தூணுக்கு 4 தொன். மெல்லிய தகட்டுத் தூண் நசுங்குவதற்கு முன்பே வளைந்துவிடும். அதைத் தடுப்பது பீம்கள் தரும் பிடி. உயரமான பெட்டிகளுக்கு இடம் வேண்டுமென்று முதல் பீமை 1.5 மீற்றரிலிருந்து 2.25க்கு ஏற்றினால், தட்டின் 2 தொன் மாறாமல் இருக்க, தூணில் பிடியில்லாத நீளம் கூடி அதன் தாங்குதிறன் வெகுவாகக் குறைந்துவிடும். பீம் மாற்றுவது சுத்தியல் வேலை, பத்து நிமிடம். அதனால்தான் யாரும் கணக்குக் கேட்பதில்லை. முதல் பீமின் உயரமும் ஓர் அறையின் (இரு சட்டகங்களுக்கு இடைப்பட்ட பகுதி) மொத்தச் சுமையும் பலகையில் இல்லாமல் றாக்கைப் பொறுப்பேற்காதீர்கள்.

கொழும்பை ஒட்டிய பேலியகொடைப் பக்கம் சதுப்பை நிரப்பிய நிலங்களில் தளம் இறங்கித் தூண் சாயலாம். வெறும் றாக்கில் தூண் சாய்வு உயரத்தில் 350இல் ஒரு பங்கு, அதாவது 21 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். பொருத்திய அன்று குண்டுநூல் விட்டுப் பாருங்கள், சில மாதங்களில் மறுபடியும் பாருங்கள். நிமிர்த்த, தூணின் பாதத் தகட்டின் கீழ் இரும்புத் தகடுதான் வைக்கவேண்டும், மரத்துண்டு வேண்டாம்.

தூண் காப்பைத் தனி விலையில் விற்கிறார்கள். 400 மி.மீ. உயரக் காப்பைக் கட்டாயம் வாங்குங்கள். போர்க்லிப்டின் பின்பகுதி திரும்பும்போது இடிப்பது அந்த உயரத்தில்தான்.

இடிபட்ட தூணில் 1 மீற்றர் நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். பீம் ஓடும் திசையில் 5 மி.மீ., ஆழத் திசையில் 3 மி.மீ. வரை பொறுக்கலாம். தாண்டினால், காலியானபின் அந்த அறையை நிரப்பவேண்டாம். இரு மடங்கைத் தாண்டினால் உடனே இறக்குங்கள். சூடுகாட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொல்பவரை உள்ளே விடாதீர்கள்; தூணை மாற்றுவதே சரி.