ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060: கோத்தகிரியில் இரண்டையும் வைத்துப் பிழைத்த அனுபவம்

வீடும் காட்டேஜும் கட்டுவோருக்கு, கட்டடம் எழும்பும் முன்பே அது எப்படித் தோன்றும் என்பதைக் கணினியில் முப்பரிமாணக் காட்சியாகச் செய்து தருவது என் தொழில். கோத்தகிரியில் வீட்டின் பின்னறையே அலுவலகம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் கோயம்புத்தூரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டை (திரையில் தெரியும் படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் பாகம்) வாங்கினேன். ஓராண்டு கழித்து, இரண்டாவது கணினிக்காக ஆர்டிஎக்ஸ் 4060 வந்தது. இரண்டு கணினிகளிலும் மதர்போர்டும் பிராசஸரும் ஒரே வகை என்பதால், தெரியும் வேறுபாடு பெரும்பாலும் கார்டுகளுடையதே. என் வேலை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் நடப்பது. ஆகவே விளையாடுவதற்காக மட்டும் வாங்குவோருக்கு இந்த அனுபவம் ஓரளவே பொருந்தும்.

விவரக்குறிப்பை மட்டும் பார்த்தால் 4060 ஏமாற்றமளிக்கும். 2021 பிப்ரவரியில் வெளியான 3060-இல் 3,584 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகம், அந்த நினைவகத்துக்குப் போகும் வழி 192 பிட் அகலம், வினாடிக்கு 360 ஜிபி தரவு வேகம். 2023 ஜூனில் வந்த 4060-இல் இவை முறையே 3,072, 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி. பின்னால் பிறந்தது எல்லாவற்றிலும் இளைத்திருக்கிறது. ஆனால் அதன் சிப், தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் நுணுக்கமான முறையில் செய்யப்பட்டதால் கடிகார வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46-க்கு ஏறியிருக்கிறது; சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருகியிருக்கிறது. கேஷ் என்பது அடுப்பருகே இருக்கும் அஞ்சறைப்பெட்டி. நினைவகம் என்பது சாமான் அறை. பெட்டி பெரிதாக இருந்தால் சாமான் அறைக்கு அடிக்கடி நடக்க வேண்டியதில்லை என்பதால், அங்கே போகும் வழி குறுகலாக இருப்பது அன்றாடச் சமையலில் தெரிவதில்லை. கல்யாணச் சமையல் என்று வரும்போதுதான், சாமான் அறையே சிறியது என்பது உறைக்கும்.

அன்றாடச் சமையலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வரவேற்பறை, ஒரு படுக்கையறை என்ற அளவிலான உட்புறக் காட்சிகளில் 3060 பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் ரெண்டரை (காட்சியை முழுப் படமாக்கும் வேலையை) 4060 ஒன்பது நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. நாளொன்றுக்கு இருபது படம் எடுக்கும் நாட்களில் இது ஒரு மணி நேர மிச்சம். இந்த வேகத்தைப் பார்த்து, முதல் இரண்டு மாதம் 3060-ஐ விற்றுவிடலாம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு காட்டேஜ் வேலை. உரிமையாளர் கேட்டது கட்டடத்தை மட்டுமன்று. அதன் பின்னால் சரியும் தேயிலைத் தோட்டம், இடையிடையே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், பாசி படர்ந்த ஓட்டுக்கூரை, எதிர்ச்சரிவில் இறங்கும் மூடுபனி எல்லாம் ஒரே சட்டகத்தில் வேண்டுமென்றார். ஒரே தேயிலைச் செடியை ஆயிரம் முறை நகலாக நிறுத்தினால் நினைவகம் அதிகம் செலவாகாது என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் வரும் செடிகள் வெவ்வேறாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நுணுக்கமான டெக்ஸ்சர் (மேற்பரப்பில் போர்த்தும் படம்) வேண்டும். காட்சி 10 ஜிபியைத் தொட்டது. 3060 அதை முணுமுணுக்காமல் முடித்தது. 4060 ஒருமுறை நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு நின்றது. மறுமுறை கணினியின் பொது நினைவகத்தில் மிச்சத்தை வைத்துக்கொண்டு, 3060 எடுத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் எடுத்தது.

இவ்வளவு மோசமாகத் தேங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 4060 மதர்போர்டோடு பேசுவது எட்டுப் பாதைகளில், 3060-க்குப் பதினாறு. என்னுடையது பி450 வகைப் பழைய போர்டு. அதில் பிசிஐஇ என்னும் அந்த இணைப்பு மூன்றாம் தலைமுறை மட்டுமே என்பதால், 4060-க்குக் கிடைப்பது வினாடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி, 3060-க்கு அதைப்போல் இரு மடங்கு. கார்டின் நினைவகத்துக்குள் வேலை அடங்கும்வரை இந்தக் குறை கண்ணில் படாது. புதிய போர்டு வைத்திருப்பவர்களுக்கு அடி சற்று மெதுவாக விழும், விழாமல் இராது.

இனி, எங்கள் ஊர் நிலவரம். தொட்டபெட்டா மலைத்தொடர் மறைப்பதால் கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசி, கார்த்திகைதான் எங்களுக்கு மழைக்காலம். கம்பியின் மேல் மரம் விழுவதும் மின்சாரம் போவதும் அப்போது வழக்கம். 3060-இன் மின்தேவை 170 வாட், 4060-க்கு 115 வாட். என்னிடம் இருந்த 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது 360 வாட் மட்டுமே. 3060 முழு வேகத்தில் ரெண்டர் செய்யும்போது மின்சாரம் போனால் யுபிஎஸ் அலறிவிட்டுக் கணினியோடு சேர்ந்து அணைந்துவிடும். அதே யுபிஎஸ் 4060 கணினியைக் கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கும்வரை தாங்குகிறது. 3060-க்காக 1,000 விஏ யுபிஎஸ் வாங்க வேண்டியதாயிற்று. கார்டுகளின் விலையை ஒப்பிடும்போது அதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

குளிர் ஊர் என்பதால் கார்டு சூடாகாது என்று பலர் சொல்வது பாதி உண்மை. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுழலும் விசிறி அள்ளிச் செல்லும் வெப்பமும் அதற்கேற்பக் குறையும். அறை 15 டிகிரியில் இருப்பதால் அந்தக் குறை ஈடாகிவிடுகிறது, அவ்வளவே. என்னைத் தொல்லைப்படுத்தியது சூடன்று, ஈரம். கார்டு குளிர்ந்திருந்தால் விசிறிகள் நின்றுவிடும்படி இரண்டிலும் அமைப்பு இருக்கிறது. மூடுபனி அறைக்குள் வரும் நாட்களில் அவை மணிக்கணக்கில் அசையாமல் நின்றன. 3060-இன் ஒரு விசிறி மூன்றாம் ஆண்டில் கரகரக்கத் தொடங்கியது. ஈரம்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சேவை மையத்தில் கார்டைத் திறந்து பார்க்காமலே, மலைப்பகுதியில் பயன்படுத்தியதாகக் குறித்துக்கொண்டு, ஐந்து வாரம் கழித்துத்தான் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு விசிறி எப்போதும் மெதுவாகச் சுழலும்படி இரண்டிலும் மாற்றிவிட்டேன். கணினியைச் சன்னலருகிலிருந்தும் நகர்த்திவிட்டேன்.

4060-இல் நான் எதிர்பாராத பயன் ஒன்று கிடைத்தது. அது ஏவி1 வடிவில் காணொளியைச் சுருக்கக்கூடியது. 3060 அந்த வடிவைப் படிக்குமே தவிர எழுதாது. கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் காணொளிகளை இங்குள்ள இணையத்தில் ஏற்றி அனுப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கோப்பு சிறுத்ததால் அது எளிதாயிற்று. விடுமுறைக்கு வரும் அக்கா மகன், விளையாட்டுக்கு 4060 மேசையைத்தான் பிடித்துக்கொள்கிறான். இடையிடையே சட்டகங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 3 வசதி அதில்தான் உண்டு என்பது அவன் வாதம். அந்த வசதிக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும் என்பது என் வாதம்.

இப்போது உட்புறக் காட்சிகளும் காணொளிகளும் 4060-இல். தோட்டமும் சரிவும் வரும் வெளிப்புறக் காட்சிகள் 3060-இல். 3060-ஐப் பழைய கார்டாக வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே பெயரில் 8 ஜிபி நினைவகமும் 128 பிட் அகலமும் கொண்ட வேறொரு கார்டும் பின்னர் விற்பனைக்கு வந்தது. அதன் தரவு வேகம் வினாடிக்கு 240 ஜிபிதான். நான் மேலே 3060-ஐப் பற்றிச் சொன்ன நல்லவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பொருந்தா.