இன்டேன் முடித்தவருக்கு எந்தப் படிப்பு? எம்.டி., ஆய்வுப் பட்டம், இங்கிலாந்துப் பரீட்சை, ஒன்லைன் மாஸ்டர்ஸ்

யாழ்ப்பாணத்தில் இன்டேன் (உள்ளகப் பயிற்சி) முடித்து முழுப் பதிவு கைக்கு வந்த வைத்தியரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “எப்ப பார்ட் வண்?” எம்.டி. படிப்புக்கான தெரிவுப் பரீட்சையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வேறு படிப்புகளும் உண்டு. ஆனால் எந்தப் படிப்பு எந்தப் பதவிக்குக் கொண்டுபோய் விடும் என்று தெரியாமல் தொடங்கினால் ஐந்து வருடம் கையை விட்டுப் போய்விடும்.

இலங்கையில் கன்சல்டன்ற் (நிபுணர்) ஆக வேண்டும் என்றால், நடைமுறையில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம்தான் வழி. உள்ளகப் பயிற்சிக்குப் பிறகு ஒரு வருடச் சேவை, தெரிவுப் பரீட்சை, றெஜிஸ்ரார் பயிற்சி, எம்.டி. பரீட்சை, பிறகு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சீனியர் றெஜிஸ்ரார் பயிற்சி, கடைசியில் நிபுணர் என்று அங்கீகரிக்கும் சபைச் சான்றிதழ். எல்லாம் முடிய முப்பதுகளின் நடுப்பகுதி வந்துவிடும். அரச சேவையில் உள்ளவருக்குப் பயிற்சிக்காலத்திலும் சம்பளம் வருவதுதான் இதன் பெரிய பலம். குடும்பத்தைச் சுமப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும். சிக்கல் என்னவென்றால், இடங்கள் மட்டுப்பட்டவை. பாஸ் பண்ணினாலும் புள்ளி வரிசையில் பின்னுக்கு நின்றால் விரும்பிய துறை கிடைக்காது. தூரத்து வைத்தியசாலையில் ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒன்கோல் (அழைத்தால் போகவேண்டிய கடமை) பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு வாரத்தில் பத்து மணித்தியாலம் தேறினாலே அதிர்ஷ்டம்.

எம்.பில்., பி.எச்.டி. போன்ற ஆய்வுப் பட்டங்கள் வேறு கணக்கு. பி.எச்.டி. முடித்தாலும் கன்சல்டன்ற் ஆக முடியாது. இதை முதலிலேயே வீட்டாருக்கும் சொல்லிவிடுவது நல்லது. “டொக்டருக்கு மேல டொக்டர்” என்று அவர்கள் வேறு விதமாக விளங்கிக்கொள்வார்கள். மருத்துவபீடத்தில் உடலியல், உயிர்இரசாயனவியல், சமுதாய மருத்துவம் போன்ற துறைகளில் விரிவுரையாளராக இருக்க விரும்புபவருக்குத்தான் இது பொருந்தும்.

ஆய்வில் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கணக்கில். ஒரு நோயின் பரவல் தெரியாதபோது 50 வீதம் என்று வைத்து, 5 வீதப் பிழை எல்லையுடன் கணக்கிட்டால் மாதிரிக்கு 384 பேர் என்று வரும். பத்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று எடுத்தால் 384ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 427. பலர் 10 வீதத்தைக் கூட்டி 422 என்று எழுதுவார்கள். அதில் பத்து வீதம் விலகினால் 380தான் மிஞ்சும். வாரத்தில் இரண்டு நீரிழிவுக் கிளினிக், நாளுக்கு 12 பேரை ஒருவர் விசாரிக்கலாம் என்றால் 427 பேருக்குப் பதினெட்டு வாரம். கிளினிக் இல்லாத விடுமுறை நாட்கள் இதில் சேரவில்லை. பிழை எல்லையை 7 வீதமாகத் தளர்த்தினால் 384க்குப் பதில் 196 போதும். ஆனால் அந்த முடிவை மேற்பார்வையாளருடன் பேசித் தரவு சேர்க்க முன்னரே எடுக்க வேண்டும். ஆட்கள் கிடைக்காத பிறகு எண்ணைக் குறைத்தால் பரீட்சகர் கண்டுபிடிப்பார்.

அடுத்த சறுக்கல் வினாக்கொத்து. ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே பெயர்த்து “பாதங்களில் உணர்விழப்பு உண்டா?” என்று கேட்டால் நோயாளி இல்லை என்பார். “கால் விறைக்கிறதா?” என்று கேட்டால் அதே ஆள் இரண்டு வருடமாக விறைக்கிறது என்பார். தமிழாக்கத்தை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு பத்துப் பேரிடமாவது சோதிக்க வேண்டும். ஒழுக்கவியல் குழுவின் அனுமதி முதல் நோயாளியிடம் போக முன்னர் கையில் இருக்க வேண்டும். சேர்த்து முடித்த தரவுக்குப் பின்திகதியிட்ட அனுமதி கிடைக்காது, நல்ல சஞ்சிகை எதுவும் அந்தக் கட்டுரையை எடுக்காது.

இங்கிலாந்துப் பரீட்சைகளில் பொது மருத்துவத்துக்கான எம்.ஆர்.சி.பி.க்கு மூன்று கட்டம்: தலா 200 கேள்விகளுடன் இரண்டு எழுத்துப் பரீட்சை, பிறகு நோயாளிகளோடு நடக்கும் பேசஸ் என்ற செய்முறைப் பரீட்சை. முதல் கட்டம் பாஸ் பண்ணி ஏழு வருடத்துக்குள் மற்ற இரண்டையும் முடிக்க வேண்டும். மூன்றும் முடித்தவருக்குப் பிளாப் (வெளிநாட்டு வைத்தியர் இங்கிலாந்தில் பதிவுபெற எழுதும் பரீட்சை) தேவையில்லை. ஆங்கிலத் தகுதி மட்டும் காட்ட வேண்டும். பிளாப் வழியில் போவோர் முதற் பகுதி பாஸாகி இரண்டு வருடத்துக்குள் இரண்டாம் பகுதியை முடிக்காவிட்டால் திரும்ப ஆரம்பத்திலிருந்துதான். ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை முடிவுக்கும் இரண்டு வருடம்தான் ஆயுள், ஆகவே அதை அவசரப்பட்டு முன்னதாக எழுதுவது வீண் செலவு. வேலைநேரத்தின் கால்பங்கை ஆய்வுக்கு ஒதுக்கித் தரும் பயிற்சிப் பதவிகள் இங்கிலாந்தில் உண்டு. இங்கே அப்படியில்லை, ஆய்வு என்றால் ஒன்கோல் முடிந்த பிறகுதான். அந்த நாட்டிலேயே தங்கப் போகிறவருக்கு இந்த வழி சரி. திரும்பி வருபவருக்கு எம்.ஆர்.சி.பி. மட்டும் இலங்கையில் நிபுணர் பதவி தராது.

ஒன்லைன் மாஸ்டர்ஸ் விளம்பரங்களைப் பார்க்கும்போது கிரெடிற்றைப் பாருங்கள். பிரித்தானிய முறையில் ஒரு கிரெடிற் பத்து மணித்தியாலப் படிப்பு. சேர்ட்டிபிக்கற் 60, டிப்ளோமா 120, மாஸ்டர்ஸ் 180. வாரம் பத்து மணித்தியாலம் என்றால் மாஸ்டர்ஸ் 180 வாரம், மூன்றரை வருடம். அந்தப் பத்து மணித்தியாலத்தைத்தான் பார்ட் வண்ணும் கேட்கும். இரண்டையும் சேர்த்துத் தொடங்குபவர் அரைவாசியில் நிறுத்துவது இதனால்தான். சுகாதார நிர்வாகம், தொற்றுநோயியல் பக்கம் உறுதியாகப் போகிறவர் எடுக்கலாம். மற்றவருக்குச் சேர்ட்டிபிக்கற்றே அதிகம்.

இன்னும் முடிவெடுக்காதவருக்கு எங்கள் தெரிவு இது. இன்டேனுக்குப் பிந்திய வருடத்தில், விண்ணப்பம் எதற்கும் காசு கட்டாமல், வோர்ட்டில் ஓர் ஓடிற் செய்யுங்கள், அதாவது நடக்கும் சிகிச்சையை ஒரு தரநிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தரநிலை, உதாரணமாக சத்திரசிகிச்சைக்கு முந்திய அன்ரிபயோற்றிக் வெட்டுக்கு முன் 60 நிமிடத்துக்குள் போனதா. கன்சல்டன்ற்றின் சம்மதம் வாங்கி 50 பி.எச்.ரி. (நோயாளியின் வோர்ட் பதிவேடு) பாருங்கள், குறையைச் சொல்லி மாற்றம் செய்யுங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு 50 பாருங்கள். இந்த இரண்டாவது 50ஐத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள்.