கல்லூரி டென்னிஸா, நேரே புரொஃபஷனலா?

டென்னிஸ் ஆடும் பிள்ளையை வைத்துக்கொண்டு குழம்பும் பெற்றோருக்கு: அமெரிக்கக் கல்லூரி வழியே வந்த சோம்தேவ் தேவ்வர்மன், நேரே புரொஃபஷனலான யூகி பாம்ப்ரி, இந்த இரண்டு இந்திய வீரர்களையும் பாருங்கள்.

தொடக்கம்: யூகி 16 வயதிலேயே ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் சாம்பியன் (2009). சோம்தேவ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்து, 2007, 2008 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி) ஒற்றையர் பட்டங்களோடு 23 வயதில் புரொஃபஷனலாகக் களமிறங்கினார். சில மாதங்களிலேயே சென்னை ஓபன் இறுதி ஆட்டம்!

செலவு: முழு உதவித்தொகை கிடைத்தால் பயிற்சி, பிசியோ, பயணம் எல்லாம் கல்லூரி பாடு. நேரே புரொஃபஷனலாகிச் சின்னப் போட்டிகளாகச் சுற்றினால் பரிசுப்பணம் விமான டிக்கெட்டுக்கே பத்தாது.

உடம்பு: யூகியைக் காயங்கள் விடாமல் துரத்தின.

ஒற்றையர் உச்ச ரேங்கிங்: சோம்தேவ் 62, யூகி 83.

பதினெட்டிலேயே பெரியவர்களை வீழ்த்துகிற, ஸ்பான்சரும் உள்ள பிள்ளைக்கு நேர்வழி. மற்றவர்களுக்கு என் ஓட்டு கல்லூரிக்கே.