ஈலை மேனிங்கா, ஃபிலிப் ரிவர்ஸா: ஹால் ஆஃப் ஃபேமில் யார் முதலில் நுழைய வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்தை விடாமல் பார்க்கும் நாங்கள் சில பேர், ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு யார் போக வேண்டும் என்று ஆபீசில் மாதிரி ஓட்டுப் போட்டோம். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் எழுதலாம் என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். சார்ஜர்ஸ் அணிக்கு நெடுங்காலம் ஆடிய ஃபிலிப் ரிவர்ஸ் பெயரை நான் எழுதினேன். நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகர்கள் நிறைந்த நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு, அந்த அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த ஈலை மேனிங்கை விட்டுவிட்டு இன்னொருவருக்கு ஓட்டுப் போட்டால் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். வாயால் சொன்னது போதவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் நிஜத் தேர்தல் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாக. ஓஹையோ மாநிலத்தின் கேண்டன் நகரில் இருக்கிறது புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம். ஓட்டுப் போடுபவர்கள் 50 பேர். ஓய்வுபெற்று ஐந்து சீசன் ஆன வீரர்தான் தகுதி பெறுவார். கடைசிச் சுற்றுக்கு வரும் 15 பேரை 10 ஆக்கி, 7 ஆக்கி, அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒவ்வொருவரும் ஓட்டுப் போடுவார்கள். 80 விழுக்காடு கிடைத்தால்தான் உள்ளே போக முடியும், அதாவது 40 ஓட்டு. இந்தப் புது முறை வந்த 2025இல் மொத்தமே நான்கு பேர்தான் தேறினார்கள். 2026இல், சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை ஆறு தடவை வென்ற பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கே அந்த 40 கிடைக்கவில்லை. வாசல் அவ்வளவு குறுகிவிட்டது. ஈலை 2025, 2026 இரண்டு வருடமும் கடைசி 15 பேரில் வந்தார், தேறவில்லை. ரிவர்ஸின் நிலைமை வேறு மாதிரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இரண்டு பேரையும் ஒப்பிடுவது போல வசதியான ஒப்பீடு இந்த ஆட்டத்தில் அபூர்வம். 2004 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக ஈலையை எடுத்தது சான் டியாகோ சார்ஜர்ஸ். அந்த அணிக்கு ஆட மாட்டேன் என்பதை ஈலையின் வீட்டார் முன்பே தெரியப்படுத்தியிருந்தார்கள். நான்காவது இடத்தில் ஜயன்ட்ஸ் ரிவர்ஸை எடுத்தது. அன்றைக்கே இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். ஜயன்ட்ஸ் கூடுதலாகச் சில டிராஃப்ட் இடங்களையும் கொடுத்தது. ஒரே வருடம், ஒரே காலத்து விதிகள், ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு ஆட்ட வாழ்க்கை. 'அந்தக் காலத்தில் பாஸ் போடுவது கஷ்டம்' என்ற வழக்கமான வாதம் இங்கே எடுபடாது.

ஈலை தரப்பு வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு சூப்பர் பௌல், இரண்டிலும் அவரே சிறந்த ஆட்டக்காரர், இரண்டிலும் எதிரே நின்றது பெலிசிக்கும் டாம் பிரேடியும் இருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். 2008 பிப்ரவரியில் அதுவரை 18 ஆட்டத்திலும் தோற்காமல் வந்த அணியை 17-14 என்று சாய்த்தார். கடைசி நிமிடங்களில் மூன்று பேர் சட்டையைப் பிடித்து இழுக்க, திமிறி வெளியே வந்து அவர் தூக்கிப்போட்ட பந்தை ஜயன்ட்ஸின் டேவிட் டைரீ ஹெல்மெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். 32 யார்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஆர்வம் இல்லாதவர்கள்கூட எங்காவது பார்த்திருக்கக்கூடிய காட்சி அது. 2012இல் திரும்பவும் அதே அணி, 21-17.

இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். குறிப்பாக 2011 சீசனின் ஈலை, பார்ப்பதற்கே ஆனந்தமான ஆட்டக்காரர். 4,933 யார்டு, ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காம் குவார்ட்டரில் மட்டும் 15 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுக்கும் பாஸ்). சான் ஃபிரான்சிஸ்கோவில் ஈர மைதானத்தில் நடந்த அரையிறுதியில் 58 தடவை பந்தை எறிந்தார், ஆறு தடவை சேக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். ஒவ்வொரு தடவையும் எழுந்து, தோள்பட்டைக் கவசத்தைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடுத்த எறிதலுக்கு வந்து நின்றார். அந்த ஒரு வருடத்தை மட்டும் வைத்து ஓட்டுப் போடச் சொன்னால் நானும் ஈலைக்குத்தான் போடுவேன்.

ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் ஒரு வருடத்துக்குக் கொடுக்கும் கோப்பை இல்லையே. வழக்கமான சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃபில் ஈலையின் கணக்கு 8 வெற்றி, 4 தோல்வி. கேட்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பாருங்கள்: கோப்பை வென்ற இரண்டு சீசனில் 8-0, மற்ற எல்லாச் சீசனும் சேர்த்து 0-4. 2011க்குப் பிறகு எட்டு சீசன் ஆடினார். அதில் அணி ப்ளேஆஃபுக்குப் போனது 2016இல் ஒரே ஒரு தடவை, அதிலும் முதல் ஆட்டத்திலேயே கிரீன் பேயில் 38-13 என்று தோல்வி. வழக்கமான சீசன் கணக்கு 117 வெற்றி, 117 தோல்வி. வெற்றி தோல்வியை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது எனக்கும் பிடிக்காது. அணி சரியில்லை, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன் சரியில்லை என்றெல்லாம் நியாயமான காரணங்கள் உண்டு. அதனால் அதை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்து பந்து கிளம்பியதை மட்டும் பார்ப்போம்.

நான் ஓட்டுப் போட்டதற்கான காரணமே இங்கேதான் இருக்கிறது. வருடா வருடம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை, எவ்வளவு நன்றாகப் பந்து எறிந்தார் என்பது. பாசர் ரேட்டிங் என்று ஓர் அளவுகோல் உண்டு. எத்தனை பாஸ் போய்ச் சேர்ந்தது, ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன், எத்தனை இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்) என்ற நான்கையும் சேர்த்துப் போடும் கணக்கு. உச்சம் 158.3. ஈலையின் 16 சீசனில் மிகச் சிறந்த ரேட்டிங் 2015இல் வந்தது: 93.6. ரிவர்ஸின் மொத்த வாழ்க்கைச் சராசரி 2020 முடியும்போது 95.2.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஈலையின் ஆகச் சிறந்த வருடம், ரிவர்ஸின் சராசரி வருடத்தைத் தொடவில்லை. ஒரே டிராஃப்டில் வந்து, ஒரே காலத்தில் ஆடியவர்களுக்குள் இந்த வித்தியாசம். ரிவர்ஸ் 105.5 என்ற ரேட்டிங்கை 2008இல் தொட்டார், 2013இல் தொட்டார், 36 வயதில் 2018இல் மறுபடியும் தொட்டார். நடுவில் பயிற்சியாளர் மாறினார்கள், ஓடும் ஆட்டத்துக்குத் தூணாக இருந்த லடேனியன் டாம்லின்சன் போனார், அணி ஊரையே மாற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. ஆள் மட்டும் மாறவில்லை. அணி ஊர் மாறியபோது குடும்பத்தைச் சான் டியாகோவிலேயே வைத்துவிட்டு, ஒரு வண்டிக்குள் திரை பொருத்தி, போகும்போதும் வரும்போதும் எதிரணியின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தவர் அவர்.

இன்டர்செப்ஷனையும் பாருங்கள். 2020 வரை ரிவர்ஸ் 421 டச்டவுன், 209 இன்டர்செப்ஷன். ஈலை 366 டச்டவுன், 244 இன்டர்செப்ஷன். 2013இல் ஈலை 27 இன்டர்செப்ஷன் போட்டார், லீக்கிலேயே அதுதான் அதிகம். அதே 2013இல் ரிவர்ஸ் 69.5 விழுக்காடு பாஸைச் சேர்த்து லீக்கில் முதலிடம். அந்த டிசம்பரில் இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதியதில் சார்ஜர்ஸ் 37-14. இருவரும் தொடக்க ஆட்டக்காரர்களாக எதிரெதிரே நின்ற மூன்று ஆட்டத்திலும் ஜெயித்தது ரிவர்ஸ்தான். மூன்று ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, சரி.

இந்த அளவுகோலுக்கும் ஓட்டை உண்டு. சேக் ஆவதை இது கணக்கில் எடுக்காது. அப்புறம் தட்பவெப்பம்: ஈலை பாதி ஆட்டங்களை ஆடியது நவம்பர், டிசம்பரில் காற்று சுழற்றியடிக்கும், ஜயன்ட்ஸின் சொந்த மைதானம் இருக்கும் மெடோலேண்ட்ஸில், ரிவர்ஸ் ஆடியது சான் டியாகோ வெயிலில். இதற்காக எத்தனை புள்ளி கழிப்பது நியாயம் என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. வாழ்க்கைச் சராசரியில் ஈலை 84.1, ரிவர்ஸ் 95.2. இந்தப் பதினோரு புள்ளி இடைவெளியைக் காற்று மட்டும் உண்டாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. சார்ஜர்ஸுக்கும் குளிர்காலத்தில் டென்வர், கேன்சஸ் சிட்டி என்று போய் ஆட வேண்டியிருந்தது.

பந்தை எறியும் விதம் பார்த்தால் ரிவர்ஸுக்கு இவ்வளவு துல்லியம் வரும் என்றே தோன்றாது. முழங்கை தாழ்ந்திருக்கும், பந்து காதுக்குப் பின்னாலிருந்து வராமல் தோளிலிருந்து தள்ளிவிட்டது போலக் கிளம்பும். ஓடவும் வராது. ஆனால் பந்து கையை விட்டுப் போகும் நேரம் மட்டும் தப்பவே தப்பாது. பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் திரும்பும்போது பந்து ஏற்கெனவே பாதி வழியில் இருக்கும். 2018 நவம்பரில் அரிசோனாவுக்கு எதிராக முதல் 25 பாஸையும் ஒன்றுகூடத் தவறவிடாமல் சேர்த்தார். அன்றைக்கு மொத்தம் 29 எறிந்ததில் 28 போய்ச் சேர்ந்தது.

'ஆனால் அவர் எதை ஜெயித்தார்?' இதுதான் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி. ப்ளேஆஃபில் 5 வெற்றி, 7 தோல்வி. சூப்பர் பௌலுக்கே போகவில்லை. இது பெரிய குறைதான். 2009 சீசனில் 13-3 என்று வந்த அணி, முதல் ப்ளேஆஃப் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜெட்ஸிடம் 17-14 என்று தோற்றது. ரிவர்ஸ் அன்றைக்கு இரண்டு இன்டர்செப்ஷன் போட்டார், அந்தப் பங்கை அவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும். அதே ஆட்டத்தில், பந்தை உதைத்துப் புள்ளி எடுக்க வேண்டிய நேட் கேடிங் மூன்று உதைகளை (ஃபீல்டு கோல்) தவறவிட்டார். அந்த கேடிங், ஈலையைக் கொடுத்து ரிவர்ஸை வாங்கியபோது கூடவே கிடைத்த டிராஃப்ட் இடத்தில் எடுக்கப்பட்டவர். அடுத்த வருடம் இன்னும் மோசம். 2010இல் ரிவர்ஸ் 4,710 யார்டு எறிந்து லீக்கில் முதலிடம். சார்ஜர்ஸ் யார்டு கணக்கில் தாக்குதலிலும் முதலிடம், தடுப்பிலும் முதலிடம். ஆனாலும் ப்ளேஆஃபுக்குப் போகவில்லை. பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்கும் சிறப்பு அணி அத்தனையையும் கெடுத்தது. அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக் ஓரத்தில் நின்று பார்க்கத்தான் முடியும்.

2008 ஜனவரி 20 என்ற ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இரண்டு அரையிறுதிகளும் நடந்தன. ஈலை கிரீன் பேயின் உறைபனியில் கூடுதல் நேரத்தில் 23-20 என்று ஜெயித்தார். ரிவர்ஸ் பாஸ்டன் பக்கத்தில் பேட்ரியட்ஸிடம் 21-12 என்று தோற்றார். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து, ஆறு நாள் முன்னால் அதே முழங்காலில் சிறிய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டு அந்த ஆட்டம் முழுக்க நின்றார். அணியில் டாம்லின்சனும் காயத்தால் சீக்கிரமே வெளியேறிவிட்டார். நான் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்த நாளைப் பதிவுகளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பதிவில் பார்க்கும்போதே, பின்னங்காலை ஊன்ற முடியாமல் அவர் எறிவது தெரிகிறது. இரண்டு வாரம் கழித்து அதே பேட்ரியட்ஸை ஈலை தோற்கடித்தார். உண்மைதான். அதற்கு, அந்த சீசனில் 589 புள்ளி குவித்திருந்த அணியை 14இல் நிறுத்திய ஜயன்ட்ஸ் தடுப்பாட்டம் பெரிய காரணம். டைரீ பிடித்ததற்கு முந்தைய பந்து பேட்ரியட்ஸின் அசாந்தே சாமுவேலின் கைகளில் பட்டு நழுவிப் போனது. அவர் பிடித்திருந்தால் ஈலை பக்கம் ஒரே ஒரு கோப்பைதான் இருந்திருக்கும்.

தவறாமல் களத்துக்கு வருவதில் இருவருமே அசாத்தியம்: ரிவர்ஸ் 2006 முதல் 2020 வரை தொடர்ந்து 240 ஆட்டம், ஈலை தொடர்ந்து 210. சமூக சேவைக்காக ஈலை வாங்கிய வால்டர் பேட்டன் விருதை நான் மதிக்கிறேன். ஆனால் களத்தில் நடந்ததை மட்டும் பார்க்க வேண்டும் என்பது ஹால் ஆஃப் ஃபேமின் விதி.

முன்னுதாரணமும் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜிம் பிளங்கெட் இரண்டு சூப்பர் பௌல் வென்றவர், வழக்கமான சீசன் கணக்கு 72-72. ஈலையின் ஜாதகமேதான். இன்றுவரை அவர் உள்ளே இல்லை. டேன் ஃபவுட்ஸ் அதே சார்ஜர்ஸில் பாஸ் போட்டே பெயர் வாங்கியவர், சூப்பர் பௌல் ஆடியதே இல்லை. 1993இல் உள்ளே போனார். ஈலை தரப்பு, ஜெட்ஸின் பழைய குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தைக் காட்டலாம். வெற்றியைவிடத் தோல்வி ஒன்று அதிகம் இருந்தும், ஒரே ஒரு சூப்பர் பௌலின் பலத்தில் நிற்பவர் அவர். அது வலுவான வாதம்தான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

நிஜத் தேர்தலில் இருவரும் இனி ஒரே வரிசையில் நிற்கப்போவதில்லை. 2026 பட்டியலில் ரிவர்ஸ் அரையிறுதி வரை வந்திருந்தார். ஆனால் 2025 டிசம்பரில், 44 வயதில், இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸுக்குக் குவார்ட்டர்பேக் இல்லாமல் போனபோது கூப்பிட்டதும் கிளம்பி வந்து மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றும் தோல்வி. அதனால் ஐந்து சீசன் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டது. இனி 2031க்கு முன்னால் அவர் பெயர் வராது. கேண்டன் எட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஆட வந்தது எனக்கு அவரை இன்னும் பிடிக்க வைத்தது, ஆனால் ஓட்டுக்கு அது காரணமில்லை.

ஈலைக்கு 2027 சுலபமாக இருக்காது. அதே 2004 டிராஃப்டில் வந்து இரண்டு சூப்பர் பௌல் வென்ற பென் ராத்லிஸ்பெர்கர் முதல் தடவையாகப் பட்டியலுக்கு வருகிறார். ஈலையைவிட அவர் எண்கள் பெரும்பாலும் மேல். இரண்டு கோப்பை என்பதுதான் ஈலையின் பெரிய பலம். பக்கத்தில் அதே இரண்டு கோப்பையோடு இன்னொருவர் வந்து நின்றால் ஓட்டுப் பிரியும். இருந்தாலும் 2031க்குள் ஈலை உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைக்கிறேன். போகட்டும், தகுதி இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு பெயர்தான் எழுதலாம் என்றால் என் தாளில் ரிவர்ஸ்தான்.